பெருமாள் நீளத்துக்கு ஒரு பலகை

ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்புகளில் வேலை பார்த்தவர்களில் பனியைக் கண்டவன் காசிநாதன் ஒருவன்தான். மார்கழிக் காலையில் பாலாற்றின் மேல் புகை மாதிரி நிற்கிறதே, அந்தப் பனி இல்லை. கால் வைத்தால் தொடை வரை உள்ளே இழுக்கிற பனி. இடது கால் விரல்களை அதற்குக் கொடுத்துவிட்டு ஊர் திரும்பியவன் அவன். விரல் இல்லாத காலைப் பார்த்து ஐயோ பாவம் என்று உச்சுக்கொட்டியவர்களிடம் அப்புறம் அவன் முகம் கொடுத்துப் பேசியதில்லை. அவனிடம் இருந்தது கோபம். அது விரல் போனதால் வந்த கோபமும் இல்லை.

பிறந்தது பள்ளிகொண்டாவை ஒட்டிய சேரியில். அப்பன், கிணற்றில் மாடு கட்டிக் கவலை இறைக்கும் தோல் சால் தைப்பவர். பத்து ஊர் கிணற்றில் அவர் தைத்த சால்தான் இறங்கி ஏறும். ஆனால் எந்தக் கிணற்றிலும் அவர் குனிந்து ஒரு வாய்த் தண்ணீர் மொள்ளக் கூடாது. இதைச் சின்ன வயதிலேயே பார்த்துப் பல்லைக் கடிக்கப் பழகிவிட்டான் காசிநாதன். குத்தூசியும் மெழுகு நூலும் கைக்கு வந்ததும் ஆம்பூருக்கு வந்து ஷாப்பில் சேர்ந்தான். அங்கே முதலாளியும் மேஸ்திரியும் துலுக்கர்கள். ஒரே குடத்தில் தண்ணீர் குடிக்கலாம். அந்த ஒரு காரணத்துக்காகவே அவனுக்குத் தோல் நாற்றம் பிடித்துப்போயிற்று.

ஜெர்மன் சண்டை வந்தபோது, கோவேறு கழுதைகளுக்குச் சேணம் தைக்க ஆள் வேண்டும் என்று வேலூரில் தமுக்கடித்தார்கள். வரிசையில் போய் நின்றான். அவனுக்கு முன்னால் நின்றவன் ஒடுகத்தூர் பெருமாள். ஆள் சரியான நெட்டை. கப்பலில் அவனுக்குக் கொடுத்த இடத்தில் படுத்தால் கால் வழியில் நீட்டிக்கொண்டிருக்கும். போகிறவன் வருகிறவன் எல்லாம் தடுக்கி விழுந்து திட்டுவான். பெருமாள் சிரிப்பான். "எனக்கு அளவா எடம் வெச்சு எவன்யா கப்பல் கட்டறான்" என்பான். பஸ்ராவில் இறங்கும்போது இருவரும் தோஸ்துகள் ஆகியிருந்தார்கள்.

பாக்தாதுக்கும் வடக்கே, பாரசீகத்து மலைக்குள் கொண்டுபோய் விட்டார்கள். அங்கேதான் பனி. கணவாய் ஒன்றைத் தாண்டும்போது புயல் பிடித்தது. கழுதைகள் நின்ற நிலையிலேயே செத்தன. பெருமாளுக்கு இரண்டு காலும் மரத்து, கட்டை மாதிரி ஆகிவிட்டன. காசிநாதன் அவனை முதுகில் தூக்கினான். தன்னைவிட ஒரு முழம் உயரமானவனை எவ்வளவு தூரம் தூக்க முடியும்? கால் பனியில் இழுபட இழுபடத் தூக்கிக்கொண்டு நடந்தான். அப்போது பின்னாலிருந்து கேப்டனின் சறுக்கு வண்டி வந்தது. சக்கரத்துக்குப் பதில் இரண்டு கட்டைகள் வைத்து, கழுதை இழுக்கிற சின்ன வண்டி. ஒரே ஓர் ஆள் உட்காரலாம். ஆளுக்குப் பின்னால் கேப்டனின் டிரங்குப் பெட்டியும் பாட்டுப் பெட்டியும் வைத்துக் கட்டியிருந்தது. காசிநாதன் வழியை மறித்து, பெட்டியை இறக்கிவிட்டு இவனை ஏற்றுங்கள் என்று தனக்குத் தெரிந்த துலுக்கு பாஷையில் கெஞ்சினான். கேப்டன் பெட்டியைத் திரும்பிப் பார்த்தான். "ஆள் அனுப்புகிறேன்" என்றான். வண்டி போய்விட்டது.

ஆள் வரவில்லை. காசிநாதன் விழுந்தான், எழுந்தான், மறுபடியும் விழுந்தான். "நீ முன்னாடி போ தோஸ்து. நான் கொஞ்ச நேரம் உக்காந்துட்டு வர்றேன்" என்றான் பெருமாள். அதுதான் அவன் பேசிய கடைசிப் பேச்சு. நினைவு தப்பிக் கிடந்த காசிநாதனைப் பின்னால் வந்தவர்கள் கழுதை மேல் போட்டுக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். கூடாரத்தில் கண் விழித்தபோது அடுத்த கூடாரத்தில் பாட்டுப் பெட்டி பாடிக்கொண்டிருந்தது. அந்தப் பாட்டைக் கேட்ட பிறகு ஒரு மனிதன் நல்லவனாக இருக்க வேண்டும் என்று யாராவது எதிர்பார்த்தால், அவர்களைத்தான் உதைக்க வேண்டும்.

ஊர் திரும்பியதும் சாவுச் செய்தி சொல்ல ஒடுகத்தூர் போனான். பெருமாளுக்கு இருந்தது ஒரு தங்கை, பட்டம்மாள். அவளும் நெட்டை, வாசற்படியில் குனிந்துதான் வருவாள். காய்ச்சலில் போய்விட்டான், ஆஸ்பத்திரியில் நல்லபடியாகப் பார்த்துக்கொண்டார்கள் என்று பொய் சொன்னான். உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. போய்ப் போய்ச் சொல்லிக்கொண்டே இருந்தவன், கடைசியில் அவளையே கல்யாணம் பண்ணிக்கொண்டான். ஆம்பூருக்குக் கூட்டிவந்தான். நிசார் அஹமது சாயபுவின் ஷாப்பில் மிஷின்களுக்கு வார் தைக்கும் வேலை மறுபடியும் கிடைத்தது. பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் அந்தப் பொய்யும் அந்தக் கோபமும் வீட்டுக்குள்ளேயே கிடந்தன.

உப்புச் சத்தியாக்கிரகத்துக்கு மறு வருஷம், ஐப்பசி மாதம். வில்காக்ஸ் துரை ஒரு லாரியோடு வந்து ஷாப்பு வாசலில் இறங்கினார். மெட்ராஸில் தோல் வாங்கி சீமைக்கு அனுப்புகிற கம்பெனிக்காரர். ஷாப்பில் போடுகிற தோலில் பாதி அவர் கைக்குத்தான் போகும். அதனால் அவர் தும்மினால் நிசார் அஹமது சாயபு குடை பிடிப்பார். துரைக்குத் தமிழ் தெரியும். ஏவுகிற தமிழ் மட்டும்.

லாரியிலிருந்து இறங்கியதைப் பார்த்துச் சிரிக்காதவர் இல்லை. சைக்கிளும் இல்லை, கட்டிலும் இல்லை. முன்னால் இரண்டு நீண்ட மரக்கட்டைகள், நுனி மேல்நோக்கி வளைந்து, கை நீட்டிப் படுத்த ஓணான் மாதிரி. நடுவில் மோட்டார் சைக்கிள் எஞ்சின். அதன் மேல் ஓர் ஆள் காலைப் பரப்பி உட்கார இருக்கை. அடியில் சக்கரமே இல்லை, வரிசையாக உருளைகள்தான். அந்த உருளைகளைச் சுற்றி அகலமான தோல் வார் ஒன்று ஓட வேண்டும். வாரின் வெளிப்பக்கம் மரச் சட்டங்கள் பதித்திருக்க வேண்டும். எஞ்சின் வாரைச் சுற்றினால் வார் தரையைப் பிடித்து வண்டியைத் தள்ளும். ஷாப்பில் அதற்கு ஓணான் வண்டி என்றே பேர் வைத்துவிட்டார்கள்.

"இது எதுக்கு பாய்?" என்று காசிநாதன் மேஸ்திரி அப்துல் கஃபாரைக் கேட்டான்.

"காஷ்மீர்ல பனி கொட்டுதாமே, அதுமேல ஓட்டறதுக்கு. தொரை வருஷா வருஷம் மலைமேல ஏறி சறுக்கி வெளையாடப் போறாரு. ஏற்றத்துல நடக்க பேஜாரா இருக்குதாம். அதுக்கு வண்டி."

விளையாட. காசிநாதன் அந்த ஒரு வார்த்தையை வாயில் போட்டு மென்றுகொண்டே வேலையைத் தொடங்கினான். வார், இருக்கை, பைகள் எல்லாம் அவன் பொறுப்பு என்று சாயபு சொல்லிவிட்டார்.

துரை பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, தன் வண்டிக்கு வேண்டியதையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொன்னார். பள்ளத்தில் மாட்டிக்கொண்டால் ஒரே ஆள் தூக்கி எடுக்கிற அளவுக்கு கனம் கம்மியாக இருக்க வேண்டும். உருளைக்கும் வாருக்கும் நடுவில் பனி போய் அடைத்துக்கொள்ளக் கூடாது. எஞ்சின் சூடு ஓட்டுகிறவர் காலுக்கு வர வேண்டும். இருக்கை ஆட்டுத்தோலில், மெத்தென்று. வலது பக்கம் துப்பாக்கிக்கு உறை. இடது பக்கம் பிராந்தி புட்டிக்குப் பை. காசிநாதன் தலையை ஆட்டிக்கொண்டே அளவு எடுத்தான். புட்டிக்கு இடம் இருந்தது. துப்பாக்கிக்கு இடம் இருந்தது.

கைப்பிடி வெறும் இரும்பாக இருந்ததைப் பார்த்து, "இதுக்குத் தோல் சுத்தணும் தொரை. குளிர்ல இரும்பு கையோட ஒட்டிக்கும். இழுத்தா சதையோட வரும்" என்றான்.

துரை நிமிர்ந்து உட்கார்ந்தார். "உனக்கு எப்படித் தெரியும்?"

"பாரசீகத்துல இருந்தேன்."

"நல்லது. சுத்து. நல்ல ஆளு நீ."

தன் கைக்கு என்றால் துரைக்கு நன்றாகக் காது கேட்கிறது. அந்தத் தைரியத்தில்தான் காசிநாதன் அடுத்ததையும் சொன்னான். இருக்கைக்குப் பின்னால், வாருக்கு மேலே, ஒரு பலகை வேண்டும். ஓர் ஆளை நீட்டிப் படுக்கவைத்துக் கட்டுகிற மாதிரி. மார்புக்கு ஒரு வார், இடுப்புக்கு ஒன்று, முழங்காலுக்கு ஒன்று. பனியில் யாராவது விழுந்து கிடந்தால் ஏற்றிக்கொண்டு வர வேண்டாமா?

துரை யோசிக்கக்கூட இல்லை. "இது ஒரு ஆள் வண்டி. நான்தான் ஆள். கனம் ஜாஸ்தி ஆகும். வேண்டாம்."

காசிநாதன் அளவு நூலைச் சுருட்டிக்கொண்டு எழுந்துவிட்டான். அவனுக்குச் சாதாரணக் கோபம் வந்தால் கத்துவான். பெரிய கோபம் வந்தால் பேச்சு நின்றுபோகும்.

பாலாற்று மணலில் வைத்து வண்டியை ஓட்டிப் பார்த்தார்கள். பழைய வார் ஒன்றைத் தற்காலிகமாக மாட்டியிருந்தான். ஆற்றில் தண்ணீர் ஒரு ஓரமாகத்தான் ஓடியது; மற்றதெல்லாம் மணல். பாதி ஊர் கரையில் நின்றது. எஞ்சின் படபடவென்று அடித்தது, வார் மணலை வாரி இறைத்தது, ஓணான் ஊர்ந்தது. மாட்டு வண்டி அச்சு வரை புதைகிற இடத்தில் அது பாட்டுக்குப் போயிற்று. துரை தொப்பியைக் கழற்றி ஆட்டினார். ஜனங்கள் விசில் அடித்தார்கள். காசிநாதனுக்கும் ஒரு நிமிஷம் நெஞ்சு பூரித்தது. பொய் சொல்லக் கூடாது. இந்த மாதிரி ஒன்று அந்தக் கணவாயில் இருந்திருந்தால் என்று நினைத்தான். நினைத்ததும் பூரிப்பு போய்விட்டது.

இறங்கி வந்த துரையிடம் மறுபடியும் கேட்டான். "பலகை வெச்சாலும் இழுக்கும் தொரை. எஞ்சினுக்கு பலம் இருக்குது."

துரை நல்ல குஷியில் இருந்தார். "யாரை ஏத்துவேன் அதுல? என் சமையல்காரனையா?" என்று கேட்டுச் சிரித்தார். சாயபு சிரித்தார். கரையில் நின்றவர்களும் எதற்கென்று தெரியாமலே சிரித்தார்கள்.

அவர் கெட்டவர் இல்லை. யாரையும் அடித்ததில்லை, வேலைக்காரனுக்கு ஜுரம் என்றால் மருந்து வாங்கிக் கொடுப்பார். ஆனால் தன் வண்டியில் இன்னொருத்தன் படுக்கக்கூடும் என்பது அவர் மண்டையில் ஏறவே இல்லை. கேப்டனும் அப்படித்தான் இருந்திருப்பான். இந்த மாதிரி நல்லவர்களை என்னதான் செய்வது?

மறுநாள் உண்மையான வாருக்குத் தோல் தயாராகி வந்தது. ஆவாரம்பட்டைச் சாற்றில் ஊறின, தடித்த எருமைத்தோல். வாராக வெட்டுமுன் அதற்கு எண்ணெய் ஏற்ற வேண்டும். அப்துல் கஃபார் அண்டாவில் மாட்டுக் கொழுப்பை உருக்கிக்கொண்டிருந்தார்.

"பாய், கொழுப்பா போடப் போறீங்க?"

"பின்னே? பனின்னா தண்ணி தானே. கெணத்து சாலுக்கு இன்னா போடறோம்? கொழுப்பு போட்டா தண்ணி ஒட்டாது. உங்கப்பன் காலத்துலேருந்து அதானே."

காசிநாதன் அண்டாவை எட்டிப் பார்த்தான். கொழுப்பு ஏற்றிய சேணங்கள் பாரசீகத்தில் என்ன ஆயின என்று அவனுக்குத் தெரியும். முதல் குளிரிலேயே பலகையாக விறைத்தன. மடிகிற இடத்தில் வெடித்தன. கழுதை ஓர் இழுப்பு இழுத்தால் அறுந்தன. மீன் எண்ணெய் போட்டவை மட்டும்தான் கடைசிவரை வளைந்தன. ஆம்பூரில் இது யாருக்குத் தெரியப் போகிறது? இங்கே மார்கழியில் தேங்காயெண்ணெய் உறைவதே பெரிய குளிர்.

"போடுங்க பாய்" என்றான். "நல்லா போடுங்க."

காஷ்மீரில் எங்கேயோ ஒரு மலைச்சரிவில், விளையாடப் போன ஓர் ஆள் அறுந்த வாரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை நினைத்தான். உட்காரட்டும். துப்பாக்கி இருக்கிறது, பிராந்தி இருக்கிறது. எவனாவது சறுக்கு வண்டியில் வருவான். ஆள் அனுப்புகிறேன் என்பான். அன்று முழுக்க அவன் கை சுறுசுறுப்பாக வேலை செய்தது.

ஆனால் பலகை நினைப்பு போகவில்லை. துரை வேண்டாம் என்றால் என்ன, வெட்டி வைப்போம், மாட்ட ஆணி மட்டும் நான்கு போதும் என்று தோன்றியது. ஷாப்பில் கிடந்த நல்ல வேங்கைப் பலகை ஒன்றைக் கேட்டு வாங்கி, வெயில் சாயும் நேரத்தில் வீட்டுக்குத் தூக்கிவந்தான். வாசலில் போட்டான். எவ்வளவு நீளத்துக்கு அறுப்பது? அதற்கு ஒரே ஓர் அளவுதான் அவனுக்குத் தெரியும்.

"பட்டு, இங்க வா. இதுமேல படு."

பட்டம்மாள் முறத்தைக் கீழே வைத்தாள். "இன்னாய்யா, பாடை கட்டறியா எனக்கு?"

"படுன்னா படு."

அவள் சிரித்துக்கொண்டே படுத்தாள். அவன் சுண்ணாம்புக் கட்டியால் அவள் தலைக்கு மேலே ஒரு கோடு போட்டான். குதிகாலுக்குக் கீழே ஒரு கோடு போட்டான். போட்டவன் கோட்டிலிருந்து கையை எடுக்கவில்லை. அவள் அதைப் பார்த்துவிட்டாள். எழுந்திருக்கவில்லை, படுத்தபடியே கேட்டாள்.

"யாருக்கு அளவு எடுக்கறே?"

அவன் சுண்ணாம்புக் கட்டியை மடியில் செருகினான்.

"எங்கண்ணனும் நானும் ஒரே ஒசரம். ஒரே கதவு ரெண்டு பேர் தலையிலயும் இடிக்கும். யாருக்கு அளவுன்னு கேட்டேன்."

சொன்னான். பனி, கால், கேப்டன், பெட்டி எல்லாம் சொன்னான். உட்கார்ந்துவிட்டு வருகிறேன் என்று சொன்னதையும் சொன்னான். பட்டம்மாள் வானத்தைப் பார்த்தபடி அசையாமல் கேட்டாள். கண்ணீர் காதுப் பக்கமாக வழிந்து பலகையில் விழுந்தது. எழுந்து உட்கார்ந்தபோது அவள் முகம் வேறு முகமாக இருந்தது.

"ஆஸ்பத்திரியில கஞ்சி குடிச்சான்னு சொன்னே. அதை நெனச்சுத்தானேய்யா நான் இத்தினி வருசம் கஞ்சி குடிச்சேன்." குரல் உடைந்தது. பிறகு உடையாமல் ஏறியது. "எங்கண்ணன் உக்காந்து செத்தான். உக்காந்து, ஆள் வரும் வரும்னு பாத்துக்கினு செத்தான். அதை நீ எங்கிட்ட மறைச்சே."

"சொல்ல முடியல பட்டு. கோபம். இன்னும் அதே கோபம்தான். அதான் அந்தத் தொரைக்கு..." வாய் தவறி வந்துவிட்டது. கொழுப்பு ஏற்றிய வாரைப் பற்றியும் சொல்ல வேண்டியதாயிற்று.

அவள் கேட்டாள். "வாரு அறுந்தா அந்த ஆளு இன்னா ஆவான்?"

"உக்காந்திருப்பான்."

பட்டம்மாள் எழுந்து வந்து அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தாள். "எங்கண்ணன் சாவை எடுத்து இன்னொருத்தனுக்குத் தைச்சு அனுப்பறியா? அதுக்கா அவன் உன்னை முன்னாடி போன்னான்? எனக்கு இல்லாத கோபம் உனக்கு எங்கேய்யா வந்துச்சு? கோபம் இருந்தா அவன் மூஞ்சிக்கு நேரா காட்டு. தைக்கிற தையல்ல ஒளிச்சு வெக்காதே."

சட்டையை விட்டுவிட்டுப் போய் முறத்தை எடுத்துக்கொண்டாள். அன்று அவள் அவனுக்குச் சோறு போடவில்லை. கேட்கவும் அவனுக்கு முகம் இல்லை.

கொழுப்பு ஏற்றிய வார் வண்டியில் மாட்டியபடியே இருந்தது. அடுத்த சில நாட்களில் அவன் வேறொரு எருமைத்தோலை எடுத்து, மீன் எண்ணெயைத் தானே கையால் தேய்த்துத் தேய்த்து ஏற்றி, புதிதாக ஒரு வார் வெட்டினான். ஏன் இரண்டு வார் என்று அப்துல் கஃபார் கேட்டதற்கு, "பொறுங்க பாய்" என்றான். பலகையையும் கோடுகளுக்கு இரண்டு விரல் தள்ளி அறுத்து, மூன்று கட்டு வார்களை பக்கிள் வைத்துத் தைத்து முடித்தான். சுண்ணாம்புக் கோடுகளை மட்டும் அழிக்கவில்லை.

வண்டியை எடுத்துப்போகத் துரை வந்த நாளில், அவருடைய ஐஸ் பெட்டியும் கூட வந்திருந்தது. சோடா குளிரவைக்க மெட்ராஸிலிருந்து ரயிலில் மரத்தூளுக்குள் வருகிற ஐஸ். காசிநாதன் யாரையும் கேட்கவில்லை. கொழுப்பு ஏற்றியதில் ஒரு துண்டு, மீன் எண்ணெய் ஏற்றியதில் ஒரு துண்டு எடுத்து ஐஸுக்குள் புதைத்தான். குல்பி விற்கிற பாய் செய்வதைப் பார்த்திருந்ததால், தோலுக்குப் போடுகிற உப்பில் இரண்டு கை அள்ளி மேலே போட்டு மூடினான். துரை டீ குடித்து முடிக்கும்வரை பெட்டி மேலேயே உட்கார்ந்திருந்தான்.

"என் ஐஸ் பெட்டியில் என்ன செய்கிறாய்?"

காசிநாதன் இரண்டு துண்டுகளையும் எடுத்து வந்தான். முதல் துண்டை மடக்கினான். கட்டை மாதிரி எதிர்த்து நின்று, மடித்த இடத்தில் பிளந்தது. இரண்டாவது துண்டு வளைந்து கொடுத்தது. "வண்டியில இப்ப இருக்கற வாரு இந்த மொதல் துண்டு. பனியில போனா நடு வழியில அறுந்துடும். நீங்க உக்காந்திருப்பீங்க. எனக்கு இது அன்னைக்கே தெரியும். வேணும்னேதான் சொல்லல."

அப்துல் கஃபாரின் முகம் வெளுத்துவிட்டது. சாயபு நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். துரை பிளந்த துண்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏன் சொல்லவில்லை?"

"கோபம்."

"என் மேலேயா? நான் உனக்கு என்ன செய்தேன்?"

காசிநாதன் சுருட்டி வைத்திருந்த புது வாரைத் தோளில் போட்டுக்கொண்டு, நொண்டி நொண்டி நடந்து சுண்ணாம்புத் தொட்டியின் விளிம்பில் போய் நின்றான். தோலில் மயிர் கழல ஊறப்போடுகிற தொட்டி அது. பதப்பட்ட தோல் அதில் விழுந்தால் அப்புறம் எதற்கும் ஆகாது.

"நல்ல வாரு இதுதான். தரேன். பலகையை மாட்டினாத்தான் தருவேன்."

"காசி, பைத்தியம் புடிச்சிருச்சாடா உனக்கு?" சாயபு கத்தினார். "எறங்கு கீழே. இந்த ஷாப்புல இதுதான் உனக்குக் கடைசி நாள், ஞாபகம் வெச்சுக்க."

"இருக்கட்டும் சாயபு. பதினாலு வயசுலேருந்து உங்க உப்பைத் தின்னேன். இன்னைக்கு மட்டும் உங்களுக்கு அடங்க முடியல." துரையைப் பார்த்துத் திரும்பினான். குரல் உயர்ந்தது, ஷாப்பு முழுக்கக் கேட்டது. "புட்டிக்கு எடம் வெச்சீங்க தொரை. துப்பாக்கிக்கு வெச்சீங்க. மனுசனுக்கு வெக்க மாட்டேன்றீங்க. பனிக்குள்ள போற வண்டிக்கு வாரு, எஞ்சினு, கைப்பிடி எல்லாம் அப்புறம். மொதல்ல விழுந்தவனுக்கு ஒரு எடம் வேணும். அது இல்லாத வண்டியை நான் ஒரு தடவை பாத்துட்டேன். இன்னொண்ணை என் கையால தைக்க மாட்டேன்."

துரை சிவந்துபோனார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சாயங்காலம் மெட்ராஸ் ரயில். அதை விட்டால் காஷ்மீரில் அவருக்காகக் காத்திருக்கிற சிநேகிதர்களிடம் வண்டியைக் காட்டிப் பெருமையடிக்க முடியாது. "மாட்டித் தொலை" என்றார்.

காசிநாதன் புது வாரைப் பூட்டி, இரண்டு நுனியும் சேருகிற இடத்தைத் தோல் கயிற்றால் தைத்து, பலகையை முடுக்கினான். கருவிகளைச் சாக்கில் சுருட்டிக்கொண்டு ஷாப்பை விட்டு வெளியே வந்தான். அதற்கப்புறம் அவன் அந்த வாசலை மிதிக்கவில்லை. பள்ளிகொண்டாவுக்குப் போய், அப்பனைப் போலவே சால் தைத்துத்தான் மிச்ச ஆயுளைத் தள்ளினான். ஆனால் அன்றைக்கு அவன் நேராக வீட்டுக்குப் போய், "பட்டு, ஸ்டேஷனுக்கு வா. மாட்டிட்டேன். வந்து பாரு" என்றான்.

ஸ்டேஷனில் பார்சல் பெட்டி ஓரமாக வண்டி நின்றது. சுற்றிலும் கூட்டம். காசிநாதன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு பட்டம்மாளை முன்னால் கூட்டிப்போனான். அப்படியே நின்றுவிட்டான்.

பலகை மேல் துரையின் டிரங்குப் பெட்டி இருந்தது. அதன் மேல் பாட்டுப் பெட்டி இருந்தது. மார்புக்குத் தைத்த வாரும் இடுப்புக்குத் தைத்த வாரும் அவற்றைச் சுற்றிக் கச்சிதமாகக் கட்டியிருந்தன. துரை சற்றுத் தள்ளி சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார். காசிநாதனைப் பார்த்ததும் கோபமெல்லாம் போய் நல்ல மனதோடு சொன்னார். "உன் பலகை நல்ல உபயோகம். சாமான் வைக்க ரொம்ப சௌகரியம்."

காசிநாதனுக்குக் காது அடைத்துக்கொண்டது. கூடாரத்தில் கேட்ட பாட்டு மண்டைக்குள் ஓடியது. கை குத்தூசியைத் தேடியது. எதைக் குத்த என்று அவனுக்கே தெரியவில்லை. அதற்குள் பட்டம்மாள் நடந்துவிட்டாள்.

அவள் யாரையும் பார்க்கவில்லை. பக்கிள்களை அவிழ்த்தாள். பாட்டுப் பெட்டியை எடுத்துத் தரையில் வைத்தாள். டிரங்குப் பெட்டியை இழுத்துத் தள்ளினாள், தடாரென்று விழுந்தது. போர்ட்டர் ஒருத்தன் "ஏய், ஏய்" என்று ஓடிவந்தான். அவள் புடவையைக் கணுக்காலோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு பலகை மேல் ஏறி, மல்லாந்து படுத்தாள். தலை மேற்கோட்டில் இருந்தது. குதிகால் கீழ்க் கோட்டில் இருந்தது.

"கட்டுய்யா" என்றாள்.

காசிநாதன் மார்பு வாரை மாட்டினான். இடுப்பு வாரை மாட்டினான். முழங்கால் வாரை மாட்டினான். ஒரு சேரிப் பெண் துரையின் வண்டியில் கட்டுண்டு படுத்திருப்பதைப் பார்த்து ஸ்டேஷனே வாயடைத்து நின்றது. வழியனுப்ப வந்திருந்த சாயபு தலையைக் குனிந்துகொண்டார்.

"என்ன இது? யார் இவள்?" துரை வேகமாக வந்தார்.

"செத்தவனோட தங்கச்சி" என்றான் காசிநாதன். "அவன் ஒசரம் இதுதான். அவனைப் பனியில உக்கார வெச்சுட்டு, ஒரு தொரை வண்டியில பெட்டி போச்சு. இதே மாதிரி பெட்டி. இதே மாதிரி பாட்டுப் பொட்டி."

பட்டம்மாள் தலையைத் திருப்பாமலே சொன்னாள். "நல்லா பாத்துக்கச் சொல்லுய்யா. எவ்ளோ எடம் வேணும்னு பாத்துக்கட்டும். பெட்டி ரயிலு உள்ள ஏறட்டும், நான் எறங்கறேன்."

துரை பார்த்தார். விறைத்துப் படுத்திருந்த அந்த நெட்டையான உடம்பைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். அவர் முகத்தில் என்ன இருந்தது என்று காசிநாதன் கவனிக்கவில்லை. அதில் அவனுக்கு அக்கறையும் இல்லை. கார்டு விசில் ஊதினான். துரை சிகரெட்டைக் கீழே போட்டார். "பெட்டியை என் கம்பார்ட்மெண்டில் வை" என்று போர்ட்டரிடம் சொன்னார். "அதையும்" என்று பாட்டுப் பெட்டியைக் காட்டினார்.

இரண்டும் ஏறிக் கதவு சாத்துகிற வரைக்கும் பட்டம்மாள் எழுந்திருக்கவில்லை. பிறகு காசிநாதன் வார்களை அவிழ்த்துவிட்டான். நான்கு பேர் வண்டியைத் தூக்கிப் பார்சல் பெட்டிக்குள் வைத்தார்கள்.

அந்தத் துரை காஷ்மீரில் யாரையாவது ஏற்றினாரா, ஸ்டேஷன் தாண்டியதும் பலகையைக் கழற்றி எறிந்தாரா, தெரியாது. ஆம்பூரில் யாருக்கும் தெரியாது. ரயில் நகர்ந்தபோது பார்சல் பெட்டியின் கதவு இன்னும் திறந்திருந்தது. அண்ணனுக்காகப் போட்ட இரண்டு சுண்ணாம்புக் கோடுகளும் பட்டம்மாள் கண்ணுக்குத் தெரிந்தன. நடுவில் ஒன்றும் இல்லாமல், பலகை காலியாகப் போயிற்று.